சுவர் இருக்கவேண்டும், இல்லாத மாதிரியும் இருக்கவேண்டும்

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில் ஒரு காற்றுச்சுரங்கம், அதாவது விமான மாடலை அசையாமல் நிறுத்திவைத்து அதன்மேல் காற்றை ஓட்டி அளக்கிற கூடு, நாலு பக்கமும் கெட்டியான இரும்புச் சுவர். உள்ளே மாக் 0.9-இல், அதாவது ஒலியின் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கில், காற்று போகவேண்டும். இதற்குள் எவ்வளவு பெரிய விமான மாடலை வைக்கலாம்? முன்னாலிருந்து பார்த்தால் அந்த மாடல் மறைக்கிற பரப்பு சுமார் 350 சதுர சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. பத்தொன்பது சென்டிமீட்டருக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர், அவ்வளவுதான். அதற்குமேல் போனால் மோட்டாருக்கு எத்தனை மெகாவாட் கொடுத்தாலும் மாக் 0.9 வராது. மாக் 0.95 வேண்டுமென்றால் 85 சதுர சென்டிமீட்டர், உள்ளங்கை அளவுகூட இல்லை. மாக் 1 வேண்டுமென்றால் பூஜ்யம். மாடலே இல்லாமல் காற்றை மட்டும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைத்தான் அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் கடைசி வருடம் படிக்கிறான், லீவுக்குச் சுங்கை சிப்புட் வந்திருந்தான். குறைந்த வேகக் காற்றுச்சுரங்கத்தில் புரொஜெக்ட் செய்கிறவன். "எங்க லேபுல அஞ்சு பர்சென்ட் வரைக்கும் அடைப்பு இருந்தா ஓகேன்னு சொன்னாங்களே மாமா, இது ஒரு பர்சென்ட் கூட இல்லையே" என்றான். அடைப்பு என்றால் சுரங்கத்தின் குறுக்குப்பரப்பில் மாடல் மறைக்கிற பங்கு. அவன் சொன்னதும் சரிதான். மணிக்கு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று அமுங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், அங்கே அஞ்சு சதவீதம் தாங்கும், சின்னத் திருத்தம் போட்டால் முடிந்தது. ஒலிவேகத்தை நெருங்க நெருங்க அந்தச் சலுகையெல்லாம் போய்விடும்.

நான் செய்கிற வேலையும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காற்றுச்சுரங்கச் சோதனைகளில் வரும் அளவுகளிலிருந்து சுவரின் பாதிப்பைக் கழித்துத் தருகிற கணினி நிரல்கள் எழுதுகிறேன், சில வருடங்களாக வீட்டிலிருந்தே. வீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் கித்தா மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. முன்னால் மெயின் ரோடு, ஒட்டுக்கடை, பள்ளி பஸ். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டு அக்கா பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். அதையும் சரிசெய்து கொடுப்பேன், வேறென்ன செய்வது.

ஏன் இப்படி அடைத்துக்கொள்கிறது என்பதைப் புரியவைக்க அவனை மழை விட்டதும் பழைய லயத்துக்குப் பின்னால் இருக்கிற சிமென்ட் லோங்காங்குக்கு, அதாவது வடிகாலுக்கு, கூட்டிப் போனேன். தண்ணீர் நிதானமாக ஓடும்போது நடுவில் ஒரு கல்லை வைத்தால், கல்லின் இரு பக்கமும் தண்ணீர் வேகமெடுத்து ஓடும், அந்த இடத்தில் மட்டம் கொஞ்சம் இறங்கும். கல்லைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்த இடுக்கில் தண்ணீரின் வேகமும் அந்த ஆழத்தில் அலை ஓடக்கூடிய வேகமும் சமமாகிவிடும். அதற்குமேல் இடுக்கு வழியாக அதிகத் தண்ணீர் போகாது, கல்லுக்கு முன்னால் தேங்கி மட்டம் ஏறும். இதை நான் வசதிக்காகச் சொல்லவில்லை. ஆழமில்லாத தண்ணீரின் சமன்பாடுகளும் அமுங்கும் வாயுவின் சமன்பாடுகளும் ஒரே குடும்பம், தண்ணீரில் அலையின் வேகம் எதுவோ காற்றில் ஒலியின் வேகம் அது. சுரங்கத்தில் மாடலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் காற்று மாக் 1-ஐத் தொட்டுவிட்டால் கதவு சாத்திய மாதிரிதான்.

ஆனால் முழுதாக அடைத்துக்கொள்வது பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும், வேகம் ஏறாது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் வருவதுதான் ஆபத்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிற மாதிரி இருக்கும், எண்களும் அழகாக வரும், ஆனால் மாடல் பார்க்கிற காற்றின் வேகம் நாம் நினைத்துக்கொண்டிருக்கிற வேகம் இல்லை. சுவர் காற்றை விலகவிடாததால் மாடலைச் சுற்றி அது கூடுதல் வேகத்தில் ஓடுகிறது. எளிய கோட்பாட்டின்படி இந்தக் கூடுதல், ஒன்றிலிருந்து மாக் எண்ணின் வர்க்கத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தின் கனத்தால் ஒன்றை வகுத்தால் வருகிற அளவில் வளர்கிறது. எண்ணாகச் சொன்னால், காற்று அமுங்காத வேகத்தில் ஒரு மடங்கு என்றால் மாக் 0.6-இல் கிட்டத்தட்ட 2 மடங்கு, 0.8-இல் 4.6, 0.9-இல் 12, 0.95-இல் 33. அந்த இடத்தில் எளிய கோட்பாடே செத்துப்போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

இன்னொரு பாதிப்பு ஏற்றவிசையால் வருவது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, சுவர் அதை முழுதாகக் கீழே போகவிடாது, அதனால் மாடல் இருக்கிற இடத்தில் காற்று கொஞ்சம் மேல்நோக்கி வருகிற மாதிரி ஆகிவிடும். நாம் வைத்த தாக்குகோணம், அதாவது எதிரே வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கிற கோணம், ஒன்று, இறக்கை உணர்கிற கோணம் இன்னொன்று. ஏற்றவிசை கூடித் தெரியும், இழுவிசை குறைந்து தெரியும். விமானம் விற்கிறவருக்கு இனிப்பான பிழை.

இதெல்லாம் எவ்வளவு நுணுக்கம் என்று கேட்டால், பயணிகள் விமானம் வடிவமைக்கிறவர்கள் இழுவிசைக் குணகத்தில், அதாவது இழுவிசையைக் குறிக்கிற எண்ணில், 0.0001-ஐ ஒரு கவுண்ட் என்பார்கள், அந்த ஒன்றிரண்டு கவுண்டுக்காக மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். இறக்கையின் மேலே அதிர்வலை, அதாவது காற்றின் அழுத்தம் திடீரென்று எகிறுகிற மெல்லிய எல்லை, உட்காருகிற இடம் மாக் எண்ணில் மூன்றாவது தசமத்துக்கே நகரக்கூடியது. மாக் 0.850 என்று நினைத்துக்கொண்டு 0.856-இல் அளந்துவிட்டால் அந்தச் சண்டைக்கே அர்த்தம் இல்லை.

அடுத்து அவன் கேட்டான், எல்லோரும் கேட்கிற கேள்விதான், "அப்ப சுவரே இல்லாம செஞ்சா என்ன மாமா?" செய்யலாம், செய்திருக்கிறார்கள், திறந்த ஜெட் என்று பெயர். காற்று ஒரு வாயிலிருந்து வெளியே வந்து திறந்த இடத்தில் மாடலைக் கடந்து இன்னொரு வாயில் போய்விடும். ஆனால் உண்மையான வானம் எல்லையில்லாமல் அதே வேகத்தில் ஓடுகிற காற்று, இங்கேயோ ஜெட்டைச் சுற்றி நிற்கிற காற்று. ஜெட்டின் ஓரம் மாடலுக்கு வழிவிட்டு அதிகமாகவே விரிந்துகொடுக்கும். விளைவு, எல்லாப் பிழையும் எதிர்த்திசையில்: வேகம் குறைவாக, காற்று கீழ்நோக்கி. இப்போது இரண்டு பிழைகள் கையில் இருக்கின்றன, ஒன்று கூட்டல், இன்னொன்று கழித்தல். பாதி மூடி பாதி திறந்து வைத்தால்?

இதைத்தான் 1946-இல் அமெரிக்காவில் லாங்லி விமான ஆய்வகத்தில் இருந்த ரே ரைட் கணக்குப் போட்டுப் பார்த்தார். சுவரில் காற்று ஓடும் திசையில் நீள நீளமாகப் பிளவுகள் விட்டால் இரண்டு பிழையும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது அவர் யோசனை. அவர் முதலில் தேடியது ஒலிவேகத்துக்குக் கீழே உள்ள பிழையைக் குறைக்கத்தான். சின்னச் சுரங்கம் ஒன்றில் செய்து பார்த்தபோது அடைத்துக்கொள்வதே போய்விட்டது, மோட்டாருக்கு அதிகச் சக்தி கொடுத்தால் வேகம் அப்படியே மாக் 1-ஐத் தாண்டி ஏறியது. இடுக்கில் நெரிசல்பட்ட காற்று பிளவு வழியாக வெளியே இருக்கிற அறைக்குள் போய்விட்டு, பின்னால் திரும்ப வந்து சேர்ந்துகொள்கிறது. அவருக்கு மேலே இருந்த ஜான் ஸ்டாக் இதன் மதிப்பைப் பிடித்துக்கொண்டு பெரிய சுரங்கங்களையே மாற்றவைத்தார். 1950-இல் 8 அடிச் சுரங்கம் பிளவுச் சுவரோடு ஓடியது. 1951-ஆம் ஆண்டுக்கான காலியர் விருது, அமெரிக்க விமானத்துறையின் பெரிய விருது, ஸ்டாக்குக்கும் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் போனது. விருதுப் பேச்சில் ஸ்டாக் பெயர்தான் முன்னால் நிற்கும், கணக்குப் போட்ட ரைட்டை இந்தத் துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் இந்தப் பிளவின் அருமை தெரியும். லாங்லி பொறியாளர் ராபர்ட் கில்ரூத், பி-51 போர் விமானத்தின் இறக்கைமேல் குட்டி மாடல் ஒன்றை நட்டுவைத்து விமானத்தையே தலைகீழாகப் பாயவிட்டார். விமானம் ஒலிவேகத்துக்குக் கீழேதான் போகும், ஆனால் இறக்கையின் முதுகில் ஓடும் காற்று ஒலிவேகத்தைத் தாண்டிவிடும், அங்கே அளந்துகொள்ளலாம். இன்னும் சிலர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து மாடல்களைக் கீழே போட்டார்கள். வாலப்ஸ் தீவிலிருந்து ராக்கெட்டில் கட்டி ஏவினார்கள். எக்ஸ்-1 விமானம் 1947 அக்டோபர் 14-இல் ஒலிவேகத்தைத் தாண்டியபோது அந்த வேகத்துக்கு நம்பத்தகுந்த சுரங்க அளவுகள் கிடையாது. பிளவுச் சுவர் வந்த பிறகு அதே 8 அடிச் சுரங்கத்தில்தான் ரிச்சர்ட் விட்கம் பரப்பு விதியைக் கண்டுபிடித்தார். விமானத்தின் உடலை இறக்கை சேரும் இடத்தில் இடுப்பு மாதிரி ஒடுக்கினால் மாக் 1 பக்கத்தில் இழுவிசை குறையும். 1953-இல் பறந்த முதல் எஃப்-102 போர் விமானம் மட்டமாகப் பறந்தபோது ஒலிவேகத்தைத் தாண்டமுடியாமல் நின்றது, இடுப்பு வைத்துத் திருத்திய விமானம் 1954 டிசம்பரில் தாண்டியது.

சரி, பிளவு வந்தது, பிரச்சினை தீர்ந்தது என்றால் எனக்கு வேலை இருந்திருக்காது.

மாக் 1-ஐத் தாண்டியதும் வேறொரு தலைவலி. மாடலின் மூக்கிலிருந்து கிளம்பும் அதிர்வலை சுவரில் பட்டுத் திரும்பி வரும். கெட்டிச் சுவர் அழுத்தமாகவே திருப்பி அனுப்பும், திறந்த ஓரம் அதைத் தளர்வு அலையாக, அதாவது அழுத்தத்தைக் குறைக்கிற அலையாக, மாற்றி அனுப்பும். மாக் 1.4-இல் பலவீனமான அலை காற்றோட்டத்துக்குச் சுமார் 46 பாகை சாய்ந்து போவதால் திரும்பி வருவதற்குள் மாடல் முடிந்துவிடும், வால் தப்பித்துவிடும். மாக் 1.05-இல் அந்தக் கோணம் 72 பாகை, கிட்டத்தட்ட நெட்டுக்குத்து, நேராகப் போய் நேராகத் திரும்பி மாடலின் முதுகிலேயே விழும். 1.0-இலிருந்து 1.2 வரை உள்ள இந்த இடைவெளிதான் எல்லோருக்கும் சிம்மசொப்பனம். இதற்காகப் பிளவுக்குப் பதிலாகச் சுவர் முழுக்கத் துளை போட்டார்கள். அமெரிக்காவின் டென்னசியில் அர்னால்ட் சோதனை மையத்தின் 16 அடிச் சுரங்கத்தில் சுவர்ப்பரப்பில் 6 சதவீதம் துளை, துளைகள் நேராக இல்லாமல் 60 பாகை சாய்வாக, வெளியே போகிற காற்றுக்கு எளிது, உள்ளே திரும்பி வருகிற காற்றுக்குக் கடினம். அங்கேயே 4 அடிச் சுரங்கத்தில் துளையின் அளவை 0-இலிருந்து 10 சதவீதம் வரை மாற்றலாம். பெர்ன்ஹார்ட் கெதெர்ட் என்ற ஜெர்மானியர் இதற்காகப் பல வருடம் உழைத்தார்.

துளைக்கு ஒரு விலை உண்டு: சத்தம். ஆயிரக்கணக்கான துளைகளின் விளிம்பில் காற்று உரசினால் விசில் அடிக்காமல் என்ன செய்யும்? அந்தச் சத்தம் மாடலின் மேல் ஒட்டி ஓடும் எல்லைப்படலத்தைக் கலக்கிவிட்டு, வானத்தில் நடப்பதைவிடச் சீக்கிரமாகவே அதைக் கொந்தளிப்பாக்கிவிடும். 10 பாகைக் கூம்பு ஒன்றையே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக 23 சுரங்கங்களில் வைத்து அளந்து, கடைசியில் எஃப்-15 விமானத்தின் மூக்கில் கட்டிப் பறந்தும் பார்த்தார்கள், எந்தச் சுரங்கம் எவ்வளவு கலக்குகிறது என்று ஒப்பிட.

என்னுடைய மனத்தாங்கல் சத்தம் பற்றியது இல்லை. பிளவோ துளையோ, சுவரை இளக்கியதும் பாதிப்பு குறைகிறது, உண்மை. ஆனால் மிச்சம் எவ்வளவு என்று சொல்லமுடியாத நிலைக்கு நம்மைக் கொண்டுவந்துவிடுகிறது. கெட்டிச் சுவரில் எனக்கு ஒன்று நிச்சயம் தெரியும், காற்று சுவரைத் துளைத்துக்கொண்டு போகாது. துளைச் சுவரில் எவ்வளவு காற்று எங்கே வெளியே போகிறது, எங்கே உள்ளே வருகிறது என்பது எல்லைப்படலத்தின் தடிமனைப் பொறுத்தது, மாக் எண்ணைப் பொறுத்தது, மாடல் மூக்கைத் தூக்குகிறதா இறக்குகிறதா என்பதைக்கூடப் பொறுத்தது. புத்தகத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு மாறிலி போட்டிருப்பார்கள், அது மாறிலியே இல்லை. குறைவாகப் பாதிக்கிற, ஆனால் என்ன செய்கிறதென்று தெரியாத சுவரைவிட, அதிகமாகப் பாதித்தாலும் கணக்கில் பிடிபடுகிற சுவர் எனக்கு மேல்.

அதனால்தான் நெளியும் சுவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். யோசனை பழையது, இங்கிலாந்தில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 1940-களின் தொடக்கத்திலேயே சுவரை வளைத்து வேலை செய்திருக்கிறார்கள். மேல் சுவரும் கீழ்ச் சுவரும் வளையக்கூடிய மெல்லிய தகடு, பின்னால் வரிசையாகத் திருகு ஜாக்குகள். வானத்தில் பறந்திருந்தால் அந்த இடத்தில் காற்று எப்படி வளைந்து போயிருக்குமோ அதே வளைவுக்குச் சுவரைக் கொண்டுவந்துவிட்டால் சுவர் இருப்பதே மாடலுக்குத் தெரியாது. வானத்தில் எப்படி வளையும் என்று தெரிந்தால் சோதனையே எதற்கு, என்று அக்கா மகன் உடனே பிடித்துக்கொண்டான், கெட்டிக்காரன். அங்கேதான் அழகு இருக்கிறது. மாடலைப் பற்றி ஒன்றுமே தெரியவேண்டாம். சுவரின் உள்பக்கம் அழுத்தத்தை அளந்துகொள். சுவரின் வெளிப்பக்கம் எல்லையில்லாத வானம் இருப்பதாகக் கற்பனை செய்து, இதே வளைவுக்கு அங்கே அழுத்தம் என்னவாக இருக்கும் என்று கணக்குப் போடு. வெளிப்பக்கத்தில் மாடல் இல்லை, கணக்கு சுலபம். இரண்டும் ஒத்துப்போனால் சுவர் சரியான இடத்தில் இருக்கிறது, ஒத்துப்போகாவிட்டால் ஜாக்கை நகர்த்தி மறுபடி அள. 1970-களின் முதல் பாதியில் ஃபெர்ரியும் பரோன்ட்டியும், அப்புறம் வில்லியம் சியர்ஸும் இதை எழுதினார்கள். கணினி வந்துவிட்ட காலம் என்பதால் யோசனை உயிர்பெற்றது. சவுத்தாம்ப்டனில் மைக்கேல் குட்யர் கணினியே ஜாக்கை நகர்த்துகிற மாதிரி செய்துகாட்டினார். லாங்லியில் 0.3 மீட்டர் குளிர்ச் சுரங்கத்துக்கு 1980-களில் இப்படி ஒரு சோதனைப்பகுதி போட்டார்கள்.

அப்புறம் ஏன் எல்லாச் சுரங்கமும் நெளியவில்லை? இறக்கையின் குறுக்குவெட்டு மட்டும் சோதித்தால் இரண்டு சுவர் வளைந்தால் போதும், முழு விமானம் என்றால் நாலு பக்கமும் எல்லாத் திசையிலும் வளையவேண்டும், அது இயந்திரமாகச் செய்யமுடியாத தொல்லை. நேரமும் ஒரு காரணம். பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் சுரங்கம் போல, தொட்டியில் அடைத்த காற்றைத் திறந்துவிடுகிற வகை என்றால் ஓட்டமே சில பத்து விநாடிகள், அதற்குள் சுவரை எங்கே நகர்த்தித் திரும்ப அளப்பது? காசு கொடுத்துச் சோதனை செய்கிறவருக்கு ஒரு நாளில் எத்தனை அளவுப்புள்ளி கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

மாடலைச் சின்னதாக்கிவிட்டால் சுவர்த் தொல்லை தானாகக் குறையும், ஆனால் ரெனால்ட்ஸ் எண், அதாவது காற்றின் ஓட்ட வேகத்துக்கும் பிசுபிசுப்புக்கும் உள்ள போட்டியை மாடலின் அளவோடு சேர்த்துச் சொல்கிற எண், இறங்கிவிடும், காற்றின் பிசுபிசுப்பு நிஜ விமானத்தில் நடந்துகொள்கிற மாதிரி நடந்துகொள்ளாது. கொலோனில் இருக்கும் ஐரோப்பியச் சுரங்கம் நைட்ரஜனை 110 கெல்வின் வரை குளிரவைத்து, அழுத்தமும் ஏற்றி, அந்த எண்ணை ஈடுகட்டுகிறது. சோதனைப்பகுதி 2.4 மீட்டருக்கு 2 மீட்டர்தான். நைட்ரஜன் பில்லை நினைத்தால் நமக்கே குளிர் எடுக்கும்.

ஆகவே இன்று பெரும்பாலும் நடப்பது நடுவழி: பிளவோ துளையோ போட்ட சுவரை வைத்துக்கொள், சுவர் நெடுக அழுத்தத்தை அளந்துகொள், பிறகு சுவரோடு ஒரு தடவை, சுவர் இல்லாமல் ஒரு தடவை கணினியில் ஓட்டி வித்தியாசத்தைக் கழித்துக்கொள். சுவரருகில் அளந்த அழுத்தம் கையில் இருந்தால் அந்த நம்பமுடியாத மாறிலி எனக்குத் தேவையில்லை, அளந்ததையே எல்லையாக வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். சிலர் மாடலில் நூற்றுக்கணக்கில் அழுத்தத் துளை வைத்துவிட்டுச் சுவரில் நாலே நாலு வைத்து அனுப்புவார்கள். அப்படி வருகிற தரவுக்குத் திருத்தம் போடச் சொன்னால் நான் முதலில் கேட்பது, இதே மாடலைப் பிளவை மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை ஓட்டியிருக்கிறீர்களா என்றுதான். இரண்டு சுவருக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட்டு இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நம்பலாம். மாக் 0.85 வரை பெரும்பாலும் விழும். 0.9 பக்கத்தில் பிரிய ஆரம்பிக்கும், அதைத் தாண்டினால் பிளவை மூடி ஓட்டவே முடியாது என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. 0.98-இலிருந்து 1.1 வரை ஒப்பிட்டுப் பார்க்கக்கூட ஆள் இல்லை. அந்த இடத்தில் வரைபடத்தில் கோட்டை இணைக்காமல் புள்ளிகளை மட்டும் போட்டு அனுப்பிவிடுவேன், கோடு எங்கே என்று கேட்டு மறுநாள் மின்னஞ்சல் வரும்.